பள்ளத்தின் ஆழமும் உச்சியின் உயரமும்: நிலைப்புத்தன்மை வினைவேகத்தை ஆளும் விதம்

இண்டர் இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளை உள்ள வீடுகளில் இந்தக் கேள்வி ஒரு தடவையாவது எழுந்திருக்கும். கரிம வேதியியல் பாடத்தில் ஓரிடத்தில், மூவிணைய கார்போநேரயனி நிலைப்புத்தன்மை மிக்கது, அதனால் வினை வேகமாக நடக்கிறது என்று வரும். நாலு பாடம் தள்ளிப் போனால், அமைடு உடனிசைவால் நிலைப்படுத்தப்பட்டிருக்கிறது, அதனால் வினை மெதுவாக நடக்கிறது என்று வரும். பிள்ளை புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "நிலைப்புத்தன்மை கூடினா வேகம் கூடுமா, குறையுமா? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க" என்று கேட்கும். நியாயமான கேள்விதான். கோச்சிங் வகுப்புகளில் இதற்குப் பதில் சொல்ல நேரமில்லாமல், இரண்டையும் மனப்பாடம் செய்யச் சொல்லிவிடுகிறார்கள்.

மருந்து, இரசாயனத் தொழிற்சாலைகள் நிறைந்த மல்லாபூர், நாச்சாரம் வட்டாரத்தில் வாழும் நமக்கு இது வெறும் தேர்வுக் கேள்வி அல்ல. அலமாரியில் இருக்கும் மாத்திரை எத்தனை நாள் தாங்கும், தொழிற்பேட்டையில் ஓடும் ரியாக்டர் அமைதியாக ஓடுமா, பொங்கி எழுமா என்பதெல்லாம் இந்தக் கேள்வியின் விடையில்தான் அடங்கியிருக்கிறது.

விடை இதுதான். 'எது நிலைப்புத்தன்மை பெற்றது?' என்று முதலில் கேட்க வேண்டும். வினை தொடங்கும் பொருளா, அல்லது வினையின் நடுவே கடக்க வேண்டிய உச்சியா? வேகத்தைத் தீர்மானிப்பது இந்த இரண்டுக்கும் இடையே உள்ள உயர வித்தியாசம் மட்டுமே.

மல்லாபூரிலிருந்து சற்றுத் தூரத்தில் இருக்கும் மௌலா அலி குன்றை நினைத்துக்கொள்ளுங்கள். குன்றின் உயரம் மாறவில்லை. ஆனால் நீங்கள் கிளம்பும் இடம் சாலை மட்டத்தில் இல்லாமல் ஒரு கல்குவாரிப் பள்ளத்தின் அடியில் இருக்கிறது என்றால், ஏற வேண்டிய தூரம் கூடிவிடும். தொடங்கும் பொருள் நிலைப்புத்தன்மை பெறுவது என்பது இப்படிப் பள்ளத்தில் இறங்கி உட்காருவது. வினை மெதுவாகும். மாறாக, பள்ளம் அப்படியே இருக்க, குன்றின் தலையைக் கொஞ்சம் செதுக்கிவிட்டால் ஏறுவது சுலபமாகும். உச்சி நிலைப்புத்தன்மை பெறுவது என்பது அது. வினை வேகமாகும். குன்றைத் தாண்டி அந்தப் பக்கம் எவ்வளவு கீழே இறங்குகிறோம் என்பது வேகத்தை நேரடியாகப் பாதிப்பதில்லை. வைரத்தை விட கிராஃபைட்தான் நிலைப்புத்தன்மை மிக்கது. ஆனாலும் பாட்டியின் வைரத்தோடு பென்சில் கரியாக மாறிவிடவில்லை. நடுவே நிற்கும் குன்று அவ்வளவு உயரம்.

இந்த உச்சியைத்தான் பாடநூல்கள் கிளர்வுற்ற அணைவு என்று குறிப்பிடும். நான் இங்கே மாறுநிலை என்றே எழுதுகிறேன். பழைய பிணைப்பு பாதி அறுந்து, புதிய பிணைப்பு பாதி உருவாகியிருக்கும் கணம் அது. ஒரு நொடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்கைக் கூட எட்டாத ஆயுள். அதைப் பாட்டிலில் பிடித்து வைக்க முடியாது. ஆனாலும் அதற்கும் ஓர் ஆற்றல் உண்டு, அதைக் கணக்கில் கொண்டுவரலாம் என்ற கோட்பாட்டை 1935ல் அமெரிக்காவில் ஐரிங்கும், இங்கிலாந்தில் எவான்ஸ், போலன்யி இருவரும் தனித்தனியாக முன்வைத்தார்கள்.

அந்தக் கணக்கில் ஓர் எண்ணை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். சாதாரண அறை வெப்பநிலையில், ஏற வேண்டிய உயரம் மோலுக்கு 5.7 கிலோஜூல் குறைந்தால் வினை 10 மடங்கு வேகமாகும். அதன் இரு மடங்கு குறைந்தால் 100 மடங்கு. தண்ணீரில் மூலக்கூறுகளைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் வலிமை ஏறத்தாழ 20 கிலோஜூல். அதாவது ஒரே ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் அளவுக்கு உயரம் மாறினாலே வேகம் ஆயிரக்கணக்கான மடங்கு மாறிவிடும். சிறிய காரணம், பெரிய விளைவு. இந்தத் துறையின் வசீகரமும் ஆபத்தும் இதில்தான் இருக்கின்றன.

இப்போது வீட்டு மருந்துப் பெட்டியைத் திறப்போம். காய்ச்சலுக்கான பாராசிட்டமால் இருக்கும். பெரியவர்கள் உள்ள வீடானால் இதயத்துக்காக டாக்டர் எழுதித் தந்த 75 மில்லிகிராம் ஆஸ்பிரினும் இருக்கும். இரண்டிலும் அசிட்டைல் என்ற ஒரே துண்டுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாராசிட்டமாலில் அது நைட்ரஜனோடு சேர்ந்து அமைடாக இருக்கிறது. ஆஸ்பிரினில் ஆக்சிஜனோடு சேர்ந்து எஸ்டராக இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் நடுநிலைக்கு அருகே உள்ள நீர்க்கரைசலில், 25 டிகிரியில், பாராசிட்டமால் பாதியாகக் குறைய 20 ஆண்டுக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆஸ்பிரினுக்கு இரண்டு நாள் சொச்சம்.

காரணம் என்ன? நைட்ரஜன் தன் எலக்ட்ரான் ஜோடியை விட்டுக்கொடுக்கத் தயங்காது. அந்த ஜோடி பக்கத்திலுள்ள கார்பனைல் தொகுதியோடு கலந்து, பிணைப்பு மூன்று அணுக்களிலும் பரவி நிற்கிறது. இதுதான் உடனிசைவு. தண்ணீர் வந்து தாக்க வேண்டுமானால் முதலில் இந்தப் பரவலைக் கலைத்தாக வேண்டும். பாராசிட்டமால் ஆழமான பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆக்சிஜன் எலக்ட்ரானைத் தருவதில் கொஞ்சம் கஞ்சன். எஸ்டரின் பள்ளம் ஆழம் குறைவு. ஆஸ்பிரினில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. எஸ்டருக்குப் பக்கத்து வீட்டிலேயே ஒரு கார்பாக்சிலேட் தொகுதி இருக்கிறது. அது தண்ணீரிலிருந்து ஒரு புரோட்டானைத் தன் பக்கம் இழுத்து, தாக்குதலுக்கு உதவி செய்கிறது. 1967ல் ஃபெர்ஷ்டும் கிர்பியும் இதை விளக்கினார்கள். அதாவது ஆஸ்பிரினில் பள்ளமும் ஆழமில்லை, உச்சியையும் உள்ளேயிருந்தே ஓர் ஆள் செதுக்கிக்கொண்டிருக்கிறான்.

குழந்தைகளுக்குப் பாராசிட்டமால் சிரப் கடையில் கிடைக்கிறது, ஆஸ்பிரின் சிரப் ஏன் இல்லை என்பதற்கு ஒரு காரணம் இது. (குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் தாமாகக் கொடுக்கக் கூடாது என்பதற்கு வேறு மருத்துவக் காரணமும் உண்டு, அது தனிக்கதை.) டிஸ்பிரினைத் தண்ணீரில் கரைத்ததும் குடித்துவிட வேண்டும், ராத்திரிக்கு என்று மூடி வைக்கக் கூடாது. மாத்திரைகளை ஸ்ட்ரிப்பிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி, அடுப்பங்கரை அலமாரியில் வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய. சமையல் ஆவியும் சூடும் ஆஸ்பிரினுக்கு ஆகாது. டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால், எஸ்டர் உடைந்து அசிட்டிக் அமிலம் வெளிவந்துவிட்டது என்று அர்த்தம். மாத்திரையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இதயத்துக்காகச் சாப்பிடுகிற பெரியவருக்கு அந்த மாத்திரையைக் கொடுக்க வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அமைடின் இந்தப் பிடிவாதம் நம் உடம்புக்கே அஸ்திவாரம். புரதங்கள் அனைத்தும் அமைடுப் பிணைப்பால் கோக்கப்பட்டவை. நொதிகள் இல்லாத நடுநிலைத் தண்ணீரில் அப்படி ஒரு பிணைப்பு பாதியாக உடைய நூற்றுக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். உடனிசைவால் அந்தப் பிணைப்பு தட்டையாக, முறுகாமல் நிற்கிறது. அந்தத் தட்டைத்தன்மையை அடிப்படையாக வைத்துத்தான் 1963ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரனும் அவர் குழுவினரும், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடியலாம் என்ற புகழ்பெற்ற வரைபடத்தை வெளியிட்டார்கள்.

அமைடு எப்போதுமே சோம்பேறிதானா என்றால், இல்லை. பெனிசிலின் வகை மருந்துகளில் இருப்பதும் அமைடுதான். ஆனால் அது நான்கு அணுக்கள் கொண்ட சதுர வளையத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. வளையத்தின் முறுக்கத்தில் நைட்ரஜனால் தட்டையாக நிற்க முடியவில்லை. எலக்ட்ரான் பகிர்வு அரைகுறையாகிவிடுகிறது. 1945ல் டோரதி ஹாட்ஜ்கின் எக்ஸ்ரே மூலம் உறுதிசெய்த அமைப்பு இது. பள்ளம் மேடாகிவிட்டதால் வினை வேகமாகிறது. பாக்டீரியாவின் சுவர் கட்டும் நொதியோடு மருந்து பாய்ந்து வினைபுரிவதற்குக் காரணம் இந்த நிலைப்புக் குறைவுதான். அதே காரணத்தால்தான் அமாக்சிசிலின் பொடியில் தண்ணீர் கலந்துவிட்டால், பாட்டிலில் போட்டிருக்கும் நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும் என்கிறார்கள். மருந்தின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில்.

அடுத்து வருவது கொஞ்சம் நுணுக்கமானது. பொறுமையாகப் படித்தால் ருசிக்கும்.

பென்சீன் வளையத்தில் ஒரு முனையில் வினை நடக்கிறது. எதிர் முனையில், அதாவது பாரா இடத்தில், வேறொரு தொகுதியை மாட்டுகிறோம். வினை நடக்கும் இடத்துக்கு அது வெகு தூரம். ஆனாலும் வேகம் மாறுகிறது. எவ்வளவு மாறும் என்று முன்கூட்டியே சொல்லும் சமன்பாட்டை 1937ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லூயிஸ் ஹாமெட் தந்தார். ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் எண். ஹைட்ரஜனுக்குப் பூஜ்யம். எலக்ட்ரானைத் தள்ளும் மெத்தாக்சிக்கு −0.27. எலக்ட்ரானை இழுக்கும் நைட்ரோவுக்கு +0.78. ஒவ்வொரு வினைக்கும் இன்னோர் எண். இரண்டையும் பெருக்கினால் வேக விகிதத்தின் மடக்கை கிடைக்கும். மடக்கை அட்டவணை பார்த்த தலைமுறைக்கு இது சர்க்கரைப் பொங்கல்.

எத்தில் பென்சோயேட் என்ற எஸ்டரைக் காரத்தால் உடைக்கும் வினைக்கு அந்த எண் ஏறத்தாழ 2.5. கணக்குப் போட்டால், பாரா நைட்ரோ வினையைச் சுமார் 90 மடங்கு வேகப்படுத்தும். பாரா மெத்தாக்சி சுமார் 5 மடங்கு மெதுவாக்கும். ஏன் மெதுவாக்குகிறது? மெத்தாக்சியின் எலக்ட்ரான் வளையத்தின் வழியே ஓடி எஸ்டரின் கார்பனைலை வந்தடைந்து, தொடங்கும் பொருளைப் பள்ளத்தில் உட்கார வைக்கிறது. ஹைட்ராக்சைடு வந்து தாக்கும்போது அந்த உடனிசைவு அறுந்துபோகிறது. உச்சிக்கு அதனால் எந்த உபகாரமும் இல்லை.

இப்போது அதே மெத்தாக்சியை வேறொரு வினையில் போட்டுப் பார்ப்போம். கியூமைல் குளோரைடு என்ற பொருளிலிருந்து குளோரைடு தானாகக் கழன்று, ஒரு கார்போநேரயனி உருவாகும் வினை. 1958ல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் எச்.சி. பிரௌனும் ஒகமோட்டோவும் அளந்தது (பிரௌனுக்கு 1979ல் வேறு பணிக்காக நோபல் பரிசு கிடைத்தது). இங்கே பாரா மெத்தாக்சி வினையை ஏறத்தாழ 3,400 மடங்கு வேகப்படுத்தியது! பாரா நைட்ரோ கிட்டத்தட்ட 4,000 மடங்கு மெதுவாக்கியது. எஸ்டரில் நடந்ததற்கு நேர் எதிர். இங்கே தொடங்கும் பொருளில் மெத்தாக்சியின் எலக்ட்ரானுக்குப் பெரிய தேவை இல்லை. குளோரைடு விலகும் மாறுநிலையில்தான் கார்பன் எலக்ட்ரான் இல்லாமல் தவிக்கிறது. அப்போது மெத்தாக்சி ஓடி வந்து கைகொடுக்கிறது. பள்ளம் அசையவில்லை, உச்சி தாழ்ந்துவிட்டது.

ஆகவே மெத்தாக்சி நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பொருளில்லை. ஒரே தொகுதி, ஒரே விதமான எலக்ட்ரான் தானம். ஓரிடத்தில் 5 மடங்கு மெதுவாக்குகிறது, மற்றோரிடத்தில் 3,400 மடங்கு வேகமாக்குகிறது. பிள்ளையின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை நான் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் நம் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இராமச்சந்திரன் வரைபடம் வெளிவந்த அதே 1963ல், சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் வி. பாலையாவும் எம். உமாவும் 'டெட்ராஹெட்ரான்' என்ற சர்வதேச ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பக்கத்தில் ஒரு தொகுதி வந்து நெருக்கினால் உடனிசைவு கெடும் என்பது அதுவரை எல்லோருக்கும் தெரிந்த பாடம். இவர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள்: சில இடங்களில் நெருக்கமே உடனிசைவைக் கூட்டும்.

எப்படி? சார்மினார் எக்ஸ்பிரஸில் முன்பதிவு இல்லாத பெட்டி ஞாபகம் இருக்கிறதா? ஜன்னலோர சீட்டில் ஒருவர் தாராளமாக, இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு பக்கம் மட்டும் ஓர் ஆள் வந்து உட்கார்ந்தால், அவர் அசையாமல் மறுபக்கம் பார்த்து ஒழுங்காக உட்காருவார். இரண்டு பக்கமும் ஆள் நெருக்கினால்? எழுந்து நிற்க வேண்டியதுதான். மெத்தாக்சியும் அப்படித்தான். அதன் ஆக்சிஜன் வளையத்தின் தளத்தில் படிந்திருந்தால்தான் எலக்ட்ரானை நன்றாகப் பகிர முடியும். பக்கத்தில் யாரும் இல்லாதபோது அது கொஞ்சம் ஊசலாடும். ஒரு பக்கத்தில் ஒரு மெத்தில் தொகுதி இருந்தால், மெத்தாக்சி எதிர்ப்பக்கம் திரும்பி, தளத்தில் படிந்து நிற்கும், உடனிசைவு கூடும். இரண்டு பக்கமும் மெத்தில் வைத்துவிட்டால், அது தளத்தை விட்டு எழும்பி நிற்கும், உடனிசைவு குறையும்.

1963 கட்டுரையில் அவர்கள் காட்டிய ஆதாரம், அனிசோல், தயோஅனிசோல் வகைப் பொருட்களின் இருமுனைத் திருப்புத்திறன் அளவுகள். பிற்பாடு அண்ணாமலையிலேயே வினைவேகத்திலும் இதைத் தேடினார்கள். தேடிய இடம் எது தெரியுமா? மேலே சொன்ன அதே எஸ்டர் நீராற்பகுப்பு. பக்கத்து மெத்திலால் மெத்தாக்சியின் தானம் உண்மையிலேயே கூடுகிறது என்றால், தொடங்கும் எஸ்டர் இன்னும் ஆழமான பள்ளத்துக்குப் போக வேண்டும். தொகுதிகளின் எண்களைக் கூட்டிக் கணித்த வேகத்தை விட வினை இன்னும் மெதுவாக வேண்டும். ஒரு தெர்மோஸ்டாட் தொட்டி, ஒரு பியூரெட், ஒரு ஸ்டாப்வாட்ச். இவற்றை வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு தொகுதி எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று சொல்ல முடிகிற துறை இது. கோடிக்கணக்கில் கருவி வாங்க முடியாத காலத்தில் தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகங்களில் இந்தத் துறை வேர்விட்டதற்கு இது ஒரு முக்கிய காரணம் என்பது என் அபிப்பிராயம்.

பாடநூல்கள் ஏன் மாறுநிலையை விட்டுவிட்டுக் கார்போநேரயனியின் நிலைப்புத்தன்மையையே பேசுகின்றன என்று சிலர் கேட்கலாம். அதற்கு 1955ல் ஜார்ஜ் ஹாமண்ட் சொன்ன கருத்துதான் ஆதாரம். அயனி உருவாவது மேடேறும் படியாக இருந்தால், உச்சி அந்த அயனிக்கு மிக அருகில், அதன் சாயலிலேயே இருக்கும். அயனியைத் தாழ்த்துவது எதுவோ அதுவே உச்சியையும் தாழ்த்தும். ஆகவே அயனியைப் பார்த்து வேகத்தைச் சொல்லலாம். குறுக்குவழி சரியானதே. எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதைச் சொல்லிக்கொடுக்காமல் விடுவதுதான் கோளாறு.

தொழிற்சாலைக்கு வருவோம். ஹைதராபாத்தில் மருந்து மூலப்பொருள் தொழில் பெருகியதற்குப் பின்னால் 1961ல் தொடங்கப்பட்ட ஐ.டி.பி.எல். நிறுவனத்தின் பாலாநகர் ஆலையும், 1944ல் நிஜாம் காலத்தில் தொடங்கி, 1956ல் மண்டல ஆய்வுக்கூடமாகி, 1989ல் ஐ.ஐ.சி.டி. என்று பெயர் மாறிய தார்நாக்கா ஆய்வகமும் இருக்கின்றன. இந்தத் தொழிலில் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது கரைப்பானைப் பற்றி.

குளோரைடு அயனியும் மெத்தில் அயோடைடும் வினைபுரியும் வேகத்தை மெத்தனாலில் அளந்தால் 1 என்று வைத்துக்கொள்வோம். அதே வினை, அதே வெப்பநிலை, டி.எம்.எஃப். கரைப்பானில் சுமார் 12 இலட்சம். ஆமாம், இலட்சம்தான், அச்சுப்பிழை அல்ல. மெத்தனால் தன் ஹைட்ரஜன் பிணைப்புகளால் குளோரைடைச் சுற்றி வளைத்துக் கட்டிப்போட்டிருக்கிறது. அது தொடக்கநிலையின் நிலைப்புத்தன்மை. மாறுநிலையில் மின்னூட்டம் பெரிய பரப்பில் பரவிக் கிடப்பதால் அந்தக் கட்டு அவ்வளவு இறுக்கமில்லை. டி.எம்.எஃப்.பில் கட்டிப்போட ஆளே இல்லை. குளோரைடு அம்மணமாக நிற்கிறது, பாய்கிறது.

"சாப்பாட்டு நேரத்துக்குள் பேட்ச் முடிஞ்சா நல்லதுதானே" என்று தோன்றும். வினை வெப்பம் உமிழ்வதாக இருந்தால் நல்லதல்ல. எட்டு மணி நேரத்தில் வெளிவர வேண்டிய வெப்பத்தைக் கணக்கிட்டுத்தான் ரியாக்டரின் ஜாக்கெட்டில் குளிர்நீர் ஓட விடுகிறார்கள். அதே வெப்பம் சில நிமிடங்களில் வந்தால் ஜாக்கெட்டால் இழுக்க முடியாது. வெப்பநிலை ஏறும், ஏறினால் வினை இன்னும் வேகமாகும், இன்னும் வெப்பம் வரும். பி.எம்.ஆர். தாளில் கரைப்பானின் பெயர், அதிலிருக்கலாம் என்ற தண்ணீரின் உச்ச அளவு, சேர்க்க வேண்டிய வரிசை எல்லாம் எழுதியிருப்பது ஆடிட்டருக்காக மட்டும் அல்ல. ஸ்டோரில் இல்லை என்று ஒரு கரைப்பானுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றுவது, சாம்பாருக்குத் துவரம்பருப்பு இல்லையென்று பாசிப்பருப்பு போடுவது மாதிரி அல்ல. குன்றின் உயரமே மாறிவிடும்.

இண்டர் பிள்ளைகளுக்காக ஒன்று. குளோரோபென்சீனை ஃபீனாலாக மாற்ற சோடியம் ஹைட்ராக்சைடோடு 623 கெல்வினும் 300 வளிமண்டல அழுத்தமும் தேவை. பாரா இடத்தில் ஒரு நைட்ரோ இருந்தால் 443 கெல்வின் போதும். ஆர்த்தோவில் இன்னொன்றும் சேர்ந்தால் 368. மூன்று நைட்ரோ இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரே போதும். ஹைட்ராக்சைடு வந்து சேர்ந்ததும் வளையத்தில் எதிர் மின்னூட்டம் ஏறுகிறது. நைட்ரோ அதைத் தன் ஆக்சிஜன்களில் வாங்கி வைத்துக்கொள்கிறது. உச்சி தாழ்கிறது. சரி, அதே நைட்ரோவை மெட்டா இடத்தில் வைத்தால் வேகத்தில் பெரிய மாற்றம் ஏன் வருவதில்லை? வளையத்தை வரைந்து, எதிர்க்குறி எந்தெந்தக் கார்பனில் வந்து நிற்கிறது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மெட்டா கார்பனில் அது ஒரு தடவைகூட வந்து நிற்காது.